கூரைக்கு ஒரு விரற்கடை கீழே

ஃபுளூட் வாசிக்கும் தோழி ஒருத்தியும் கிளாரினெட் வாசிக்கும் நானும் சேர்ந்து பயிற்சி செய்யத் தொடங்கிய முதல் மாதத்திலேயே சண்டை வந்துவிட்டது. காரணம் ஒரே ஒரு ஸ்வரம். இருவரும் ஒன்றாகத் தொட்டு, காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கி, எட்டு எண்ணிக்கைக்குப் பெருக்கிக்கொண்டே போய் நிறுத்த வேண்டும். தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஒலிகளும் பாதி வழியில் பிரிந்தன. முடிவில் பல் கூசும்படி உரசிக்கொண்டு நின்றன. "நீ ஏன் இறங்குகிறாய்?" என்று கேட்டாள். "நான் எங்கே இறங்கினேன், நீதான் ஏறுகிறாய்" என்றேன். நடுவில் சுருதியை அளந்து காட்டும் ட்யூனரை வைத்து ஒவ்வொருவராக வாசித்துப் பார்த்தோம். அவள் ஏறினாள், நான் இறங்கினேன். இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபணமாயின.

இரண்டு கருவிகளின் சுபாவமே அப்படி. ஃபுளூட்டில் உதட்டிலிருந்து பாயும் காற்றுத் தாரையின் வேகம் கூடினால் சுருதி ஏறும். கிளாரினெட்டில் பலமாக ஊதும்போது ரீடின், அதாவது வாயில் வைக்கும் மவுத்பீஸில் கட்டிய நாணல் தகட்டின், வீச்சு பெரிதாகிறது, அதற்கு இடம் கொடுக்க உதடும் தன்னையறியாமல் தளர்கிறது, சுருதி தொய்கிறது. மென்மையாக வாசித்தால் இரண்டும் தலைகீழாக நடக்கும். ஆக, ஒரே ஸ்வரத்தை இருவரும் சேர்ந்து பெருக்கினால் பிளவு நிச்சயம், யாராவது சரிக்கட்டாதவரை. அவள் காற்றின் கோணத்தைச் சற்றுக் கீழே திருப்பி இறங்கிவிட்டாள். நான் பலமாக ஊதிக்கொண்டே ஏற வேண்டும். உதட்டை இறுக்கினேன். ஒலி நசுங்கிக் கீச்சிட்டதே தவிர, ட்யூனர் முள் ஓர் இடத்துக்கு மேல் நகர மறுத்தது.

என் ஆசிரியரிடம் போய் முறையிட்டேன். அவர் சாதாரணமாக ஒரு ஸ்வரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "நீங்கள் எப்போதுமே கூரையில் தலை இடித்தபடி நின்று வாசிக்கிறீர்கள். இன்னும் எங்கே ஏறுவது?" என்றார்.

அந்தக் கூரை என்னவென்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. கிளாரினெட்டின் ரீடு தன் இஷ்டத்துக்குத் துடிப்பதில்லை. குழலுக்குள் இருக்கும் காற்றுத்தூண் விதிக்கும் வேகத்தில்தான் துடிக்கிறது. ரீடு நெகிழக்கூடிய பொருள் என்பதால், காற்றுத்தூண் தன் உண்மையான நீளத்தைவிடச் சற்று நீண்டதுபோல நடந்துகொள்கிறது. உதட்டை இறுக்கினால் இந்தக் கூடுதல் நீளம் குறைந்து சுருதி ஏறுகிறது. ஆனால் எவ்வளவு குறைய முடியும்? சுழியத்துக்குக் கீழே போக வழியில்லை. தளர்த்தும் திசையில் அப்படிப்பட்ட சுவர் எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கருவியில் ஒரு ஸ்வரத்தைக் கீழே இழுப்பது எளிது, மேலே தள்ளுவது கடினம். கடித்துப் பிடித்து வாசிப்பவன் இருக்கிற கொஞ்ச இடத்தையும் முதலிலேயே செலவழித்துவிடுகிறான்.

பிடியைத் தளர்த்திக்கொண்டேன். மவுத்பீஸுக்கும் கருவியின் உடலுக்கும் நடுவே இருக்கும் பாரல் என்ற குட்டிக் குழலை, வழக்கத்தைவிடச் சற்று உள்ளே தள்ளினேன். குழல் நீளம் குறைந்ததால் ஏறிய சுருதியைத் தளர்ந்த உதடு ஈடுகட்டியது. கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடம் கிடைத்தது. முதல் மூன்று வாரம் தாயைத் தொலைத்த ஆட்டுக்குட்டி போல ஒலித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் கருத்து வேறுபாடும் உண்டு: சுருதியின் மேல்விளிம்பில் நின்று வாசித்தால்தான் ஒலி குவியும் என்று கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குவிந்த ஒலி வேண்டுமானால் அவர்கள் சொல்வது சரி. அசைய இடம் வேண்டுமானால் என் ஆசிரியர் சொன்னது சரி. நான் எந்தப் பக்கம் என்பது தலைப்பிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்த பாடம் இன்னும் கசப்பானது. மூன்று கிளாரினெட்டுகள் சேர்ந்து ஸ, ப, அந்தர காந்தாரம் என்று பிடிக்கும் ஓர் இடம், காந்தாரம் என்னுடையது. வீட்டிலேயே ட்யூனர் வைத்து, முள் நடுக்கோட்டை விட்டு அசையாதபடி பழகிக்கொண்டு போயிருந்தேன். மூவரும் சேர்ந்ததும் பாலில் எலுமிச்சை பிழிந்தது போலிருந்தது. மற்ற இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ட்யூனரைத் தூக்கிக் காட்டினேன், சாட்சிக்கு அழைப்பது போல.

ட்யூனர் பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அது காட்டுவது சம இடைவெளிச் சுருதி: ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துப் பன்னிரண்டு சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 100. அந்தக் கணக்கில் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் நிற்கும். ஆனால் ஷட்ஜத்தோடு சேர்ந்து ஒலிக்கும்போது காது விரும்பும் காந்தாரம் 5:4 என்ற விகிதத்தில், ஏறக்குறைய 386இல் இருக்கிறது. 14 சென்ட் குறைவு. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக எழுந்து வருமே, சுயம்பு காந்தாரம் என்பார்களே, அதே காந்தாரம்தான். அந்தத் தந்தியைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் துடிக்கும் மேற்சுரம் அது. பஞ்சமத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது: 700க்குப் பதில் 702, பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 14 சென்ட் அப்படியல்ல, பயின்ற காதுக்கு ஐந்தாறு சென்ட்டே பிடிபட்டுவிடும்.

அன்றிலிருந்து ட்யூனரை வாசிப்பதற்கு முன் ஒருமுறை மட்டும் பார்க்கிறேன். பயிற்சி தம்புரா ஒலியோடுதான். இரண்டு ஒலிகள் மிக நெருங்கியும் ஒன்றாகாமல் இருந்தால் நடுவே ஓர் ஏற்ற இறக்கம் எழும். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு. பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதற்கு 'விம்மல்கள்' என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, அவர் நிச்சயம் இசை கேட்டவர். காந்தாரத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் விம்மல் தணிந்து, தணிந்து, ஓரிடத்தில் அடங்கிவிடும். அந்த இடத்தை உதடு நினைவில் வைத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். இல்லை. காதுதான் வைத்துக்கொள்கிறது, உதடு அதன் ஏவலாள்.

இவ்வளவும் சுருதி சுத்தத்தைப் பற்றியது, உணர்ச்சி பாவத்தைப் பற்றி எங்கே என்று கேட்கலாம். இரண்டுக்கும் நடுவே கோடு போட நானும் முயன்றேன். மேல் ஸவுக்குச் சற்றுக் கீழே நிற்கும் காகலி நிஷாதம் அந்தக் கோட்டை அழித்துவிட்டது.

மேற்கத்திய இசையில் இந்த நிஷாதம் மேல் ஷட்ஜத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் ஸ்வரம். மெட்டை வாசிப்பவர் கை இயல்பாகவே அதைச் சற்று உயர்த்தும். வாசலுக்கு வந்துவிட்ட விருந்தாளி காலை உள்ளே வைப்பது போல. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் இந்த உயர்த்தலை வெளிப்படையாகவே கற்பித்தார். ஆனால் அதே நிஷாதம், பஞ்சமத்தை அடியாகக் கொண்டு சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில், அதாவது கார்டில், காந்தார இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது, ஒலிக்கூட்டு அதை 12 முதல் 14 சென்ட் இறங்கச் சொல்கிறது. மெட்டு ஏறச் சொல்கிறது. ஒரே ஸ்வரம், ஒரே நேரம், இரண்டு எஜமானர்கள். புத்தகத்தில் இதற்குத் தீர்வு தேடிக் களைத்துப் போனேன். இப்போது நான் செய்வது இது: மெட்டு என் கையில், ஸ்வரம் நொடியில் கடந்துவிடும் என்றால் உயர்த்துகிறேன். நீண்டு நிற்கும் ஸ்வரம் என்றால், கார்டோடு இணங்கித் தாழ்வாகத் தொடங்கி, ஷட்ஜத்தில் போய்த் தீர்வதற்குச் சற்று முன் மேலே நகர்த்துகிறேன். அந்த நகர்வு பத்துப் பதினைந்து சென்ட்டுக்கு மேல் இருக்காது. சுருதி மாறியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வரப்போவதை எதிர்பார்த்து உட்கார்ந்த இடத்திலேயே சற்று முன்னால் நகர்வார்கள். மேலே நகர்த்த இடம் வேண்டும் என்பதால் மறுபடியும் அந்த விரற்கடை.

பேச்சோடு இதற்கு உள்ள உறவு எனக்கு ஒரு பழைய ஒலிப்பதிவில்தான் உறைத்தது. நான் வாசித்த மெதுவான மெட்டு ஒன்று. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒலியைக் குறைத்து மறையச் செய்திருந்தேன்; அப்போது அது நயமாகப் பட்டது. கேட்டால், ஒவ்வொரு வரியும் கேள்வியாக முடிந்தது. மென்மையானால் கிளாரினெட் ஏறும் என்று மேலே சொன்னேன் அல்லவா? 'வந்தான்' என்று நான் நினைத்து வாசித்ததெல்லாம் 'வந்தானா' என்று வெளியே போயிருந்தது. வரி மறையும்போது நாக்கையும் தாடையையும் ஓர் இம்மி இறக்கிக் கொடுத்தால் ஸ்வரம் அதே இடத்தில் நிற்கும். இன்னோர் இம்மி இறக்கினால் பெருமூச்சாகும். அந்த இரண்டாவது இம்மியை எங்கே கொடுப்பது, எங்கே மறுப்பது என்பதில்தான் என் நேரம் முழுக்கப் போகிறது.

எதிர்த்திசைப் பரீட்சை பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் சிறைமுகாம் ஒன்றில் கைதியாக இருந்தபோது எழுதி, 1941 ஜனவரி 15 அன்று கெர்லிட்ஸ் முகாமிலேயே முதன்முதலாக வாசிக்கப்பட்ட 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யில் மூன்றாவது பகுதி கிளாரினெட்டுக்கு மட்டுமே உரியது. உடன்கைதியான ஆன்றி அகோகா வாசித்தார். அதில் ஒற்றை ஸ்வரம் ஏறக்குறைய மௌனத்திலிருந்து கிளம்பி, மிக மெதுவாக, கருவி தாங்கும் உச்சபட்சப் பலம்வரை பெருகும். உடன் யாரும் இல்லை. சுருதி தொய்ந்தால் ஒப்பிட்டுக் காட்டிக்கொடுக்க இன்னொரு கருவி இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம், நான் கொண்டேன். பிறகு பதிவு செய்து கேட்டேன். ஸ்வரம் பெருகவில்லை, சரிந்தது. ஒளி வளர்வதற்குப் பதிலாகச் சுமை ஏறுவது போலக் கேட்டது. தொடக்கத்தில் தாழப் பிடித்து, பெருகப் பெருக நாக்கின் பின்பகுதியை உயர்த்திக்கொண்டே போனால்தான் அது நேராக நிற்கிறது. அசையாமல் நிற்பதுபோல் கேட்பதற்கு வாய்க்குள் அத்தனை அசைவு.

ஸ்வரத்தை வெளிப்படையாக வளைப்பதற்கு வருகிறேன். கிளாரினெட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' தொடங்கும் அந்த நீண்ட இழுப்பு. கெர்ஷ்வின் எழுதியது இழுப்பு அல்ல. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே வேகமாக ஊசலாடும் ஒரு திரில், அதன்பின் பதினேழு ஸ்வரங்கள் படிப்படியாக ஏறும் ஓட்டம். 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் நடந்த முதல் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையில், பால் ஒயிட்மேன் குழுவின் ராஸ் கோர்மன் விளையாட்டாக மேல் ஸ்வரங்களைப் பிரிக்காமல் ஒரே வழுக்கலாக வாசித்தார். கெர்ஷ்வினுக்குப் பிடித்துவிட்டது. அப்படியே வாசிக்கச் சொன்னார். நூறாண்டு கடந்தும் எல்லாரும் அப்படியே வாசிக்கிறார்கள்.

இதை விரல் வித்தை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கிளாரினெட்டில் பல துளைகளை விரல் நேரடியாக மூடுவதால், விரலைத் தூக்காமல் பக்கவாட்டில் வழுக்கித் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாசிப்பவர்களின் வாய்க்குள் நடப்பதை அளந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, மேல் ஸ்தாயியில் வேலையைச் செய்வது வாயும் தொண்டையும்தான் என்று காட்டியது. தேர்ந்தவர்கள் நாக்கை வைத்து வாய்க்குள் இருக்கும் காற்றறைக்கே ஒரு சுருதி சேர்க்கிறார்கள். அது போதிய பலத்தோடு இருந்தால் ரீடு குழலின் பேச்சைக் கேட்காமல் வாயின் பேச்சைக் கேட்கிறது. மேல் ஸ்வரங்களைத் தாராளமாக வளைக்க முடிவதும், கீழ் ஸ்தாயியில் ஏறக்குறைய ஒன்றும் நடக்காததும் இதனால்தான். கீழே குழலின் பிடி வலியது.

எனக்கு இது தெரியாத காலத்தில் எல்லாவற்றையும் தாடையால் செய்தேன். தாடை வளைத்தால் ஸ்வரம் வளையும், கூடவே ஒலியும் சரிந்து விழும். அதன் ருசி பிடித்துப்போய் இரண்டு ஸ்வரத்துக்கு ஒருமுறை சரிந்தேன். ஃபுளூட் தோழி பொறுத்துப் பார்த்துவிட்டு, "வளைப்பதற்கு முன்னால் அது நேராக இருந்தது என்று யாருக்காவது தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் ரீடைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தாடையின் பிடியிலிருந்து மீள உதவியது, மவுத்பீஸை மட்டும் தனியே கழற்றி ஊதும் பயிற்சி. கேட்க ஊதல் விற்பவரின் வண்டி போலிருக்கும். அக்கம்பக்கத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. உதடு அசையாமல், நாக்கை மட்டும் 'ஈ'யிலிருந்து 'ஓ'வுக்குப் பின்னோக்கி இழுத்தால் அந்தக் கீச்சொலி படிப்படியாக இறங்கும். எனக்கு 'ஓ'வைவிட 'ழ' நன்றாக வேலை செய்தது. நாக்கு பின்னால் சுருண்டு நடுவாயில் ஓர் இடத்தைத் திறந்துவிடும் அந்த நிலை, நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இலவசமாகக் கிடைத்த சொத்தை இத்தனை நாள் கவனிக்கவில்லை. மவுத்பீஸில் வந்தபின் முழுக் கருவியில்: மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை வாசித்துக்கொண்டே விரலை அடுத்த மேல் ஸ்வரத்துக்கு மாற்ற வேண்டும், ஆனால் ஒலி மாறக்கூடாது. விரல் ஏறும்போது நாக்கு அதே அளவு இறக்க வேண்டும். எனக்கு இது பிடிபட நான்கு மாதம் ஆயிற்று. இன்றும் சில நாள் பிடிபடுவதில்லை.

ஸ்வரத்தை நடுங்க வைக்கும் விப்ராட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை. செவ்வியல் கிளாரினெட்டில் அதைத் தவிர்ப்பதே பெருவழக்கு. ஆங்கிலேயக் கிளாரினெட் கலைஞர் ரெஜினால்ட் கெல் அந்த வழக்கை மீறினார், அதற்காகத் திட்டும் வாங்கினார், ஜாஸ் நட்சத்திரம் பென்னி குட்மேன் போன்ற ஒருவரை மாணவராகவும் பெற்றார். நான் அசையாத ஸ்வரத்தின் கட்சி. எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் ஸ்வரத்தில் ஒருமுறை சாய்ந்தால் யார் கவனிப்பார்கள்?

இதைச் சொல்லும்போதே ஏ.கே.சி. நடராஜன் குறுக்கே வந்து நிற்கிறார். கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்து 2022இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் உலகில் அசைவு ஸ்வரத்தின்மேல் பூசியது அல்ல. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசையாமல் பிடித்தால் அது தோடியே இல்லை. நான் ஓர் இடத்தில் நின்று சாய்வதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். அங்கே போகும் வழியே ஸ்வரமாக இருக்கிறது. துருக்கியில் முழு ஸ்வர இடைவெளியை கோமா என்ற ஒன்பது நுண்துண்டுகளாகப் பிரித்து, நமக்கு வழக்கமான கருவியைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் ஜி கிளாரினெட்டில் அந்த நுண்ணிடங்களைத் தொடுகிறார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிளெஸ்மர் இசையில் ஸ்வரத்தின் நுனியைத் தொண்டையில் வெட்டி விம்ம வைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிரெக்ட்ஸ், முனகல் என்று பொருள். இவர்களையெல்லாம் கேட்டுவிட்டு என் பத்துப் பதினைந்து சென்ட்டுக்குத் திரும்பினால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் என் மெட்டுகள் கேட்பது அவ்வளவுதான். சோற்றில் உப்பு கூடினால் சமையல்காரர் தாராளமானவர் என்று யாரும் புகழ்வதில்லை.

கடைசியாக ஒரு துளையைப் பற்றி. கிளாரினெட்டின் தலைப்பக்கத்தில், இடது கட்டைவிரலால் திறக்கும் சிறு துளை ஒன்று உண்டு. அதைத் திறந்தால்தான் கருவி கீழ் ஸ்தாயியிலிருந்து மேலே தாவும். அதே துளைதான் தொண்டை ஸ்வரங்கள் எனப்படும் நடுப்பகுதியின் கடைசி ஸ்வரமான பி ஃபிளாட்டுக்கும் வாசலாக இருக்கிறது. இரண்டு வேலைக்கும் இரண்டு வெவ்வேறு அளவு, வெவ்வேறு இடம் தேவை. ஒரே துளையில் சமரசம் செய்ததால் அந்த பி ஃபிளாட் சோகை பிடித்து, காற்றுக் கலந்து, பெரும்பாலும் சற்று ஏறி ஒலிக்கும். கீழே சும்மா இருக்கும் வலக்கை விரல்களைச் சேர்த்து மூடினால் சுருதி கொஞ்சம் இறங்கும், ஒலியும் தடிக்கும். எல்லாரும் அந்தத் திருத்தத்தை முன்கூட்டியே செய்துவிட்டுத்தான் ஸ்வரத்தைத் தொடுவார்கள். நானும் செய்துகொண்டிருந்தேன்.

இப்போது நாங்கள் வாசிக்கும் ஒரு மெட்டு அந்த பி ஃபிளாட்டில்தான் முடிகிறது. தோழியின் ஸ்வரம் மேலே நீண்டு நிற்கும். நான் திருத்தாமல், சோகையாகவே தொடங்குகிறேன். பிறகு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக மூடுகிறேன், விளக்கின் திரியை உள்ளிழுப்பது போல. ஸ்வரம் சில சென்ட் இறங்குகிறது, இருள்கிறது, அவளுடைய ஸ்வரத்துக்கு அடியில் போய் உட்காருகிறது. முதல்முறை செய்தபோது ட்யூனரை எடுக்க அவள் கை நீண்டது, பாதியில் நின்றுவிட்டது. எங்கே நிறுத்துவது என்று நாங்கள் எண்ணுவதில்லை. கடைசி விரல் மூடியதும் அவள் மூச்சை எடுக்கிறாள்.